வழிகாட்டும் நாயும் வழிவிடும் மக்களும்

காவிரி பாயும் தஞ்சைத் தரணியில் இன்று உழுபொறிகள் மிகுந்துவிட்டன. ஆயினும், மாடு கட்டி ஏர் ஓட்டிய பெரியோர் இன்னும் நம் ஊர்களில் உள்ளனர். அவர்களைக் கேட்டுப் பாருங்கள். நுகத்தில் பூட்டிய மாட்டுக்கு நடுச்சாலில் வைக்கோல் நீட்டுவார் உண்டோ? உழுதுகொண்டிருக்கும் எருதின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கொஞ்சுவார் உண்டோ? ஏர் அவிழ்த்த பின்னரே அதனை வாய்க்காலில் குளிப்பாட்டுவர், தவிடும் புண்ணாக்கும் வைப்பர், தட்டிக் கொடுப்பர். வேலை செய்யும் விலங்கை வேலைவேளையில் அதன் போக்கிலே விடுதல் உழவர் கண்ட நன்முறை. அந்த முறையைத் தெருவிலே நடந்து செல்லும் நாய் ஒன்றுக்கும் நாம் அளிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

அஃது எந்த நாய்? கண்ணற்றவருக்கு வழிகாட்டும் நாய். முதல் உலகப் போரில் கண்ணிழந்த வீரர்களுக்கு உதவும் பொருட்டு, 1916ஆம் ஆண்டில் ஜெர்மனி நாட்டு ஓல்டன்பர்க் நகரில், கெர்ஹார்ட் ஸ்டாலிங் என்னும் மருத்துவர் நாய்களைப் பழக்கும் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். பின்னர் போட்ஸ்டாம் நகரிலும் அத்தகைய பள்ளி எழுந்தது. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த டாரதி யூஸ்டிஸ் என்னும் அமெரிக்க அம்மையார் அதனைக் கண்டு வியந்து, 1927இல் ஒரு வார இதழில் கட்டுரை வரைந்தார். அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் இருந்த மாரிஸ் பிராங்க் என்னும் கண்ணற்ற இளைஞர் அக்கட்டுரையின் செய்தியைக் கேட்டார். பிறர் கையைப் பற்றியே நடந்து சலித்திருந்த அவர், கடல் கடந்து சென்று, ‘படி’ என்னும் பெண் நாயோடு பழகி, 1928இல் நாடு திரும்பினார். நியூயார்க் நகரில் வண்டிகள் நெருங்கி ஓடும் அகன்ற தெரு ஒன்றை, செய்தியாளர் கண்முன்னே, அந்த நாயை மட்டும் துணைகொண்டு கடந்தார். ‘வெற்றி’ என்னும் பொருள்பட ஒரே சொல்லில் அம்மையாருக்குத் தந்தி பறந்தது. அடுத்த ஆண்டிலேயே அங்கு வழிகாட்டி நாய்ப் பள்ளி உருவாயிற்று. ஆனால், தெருவைக் கடந்த அவரால் விடுதிகளின் வாயிலை எளிதில் கடக்க இயலவில்லை. ‘நாய்க்கு இங்கே இடமில்லை’ என்ற சொல்லை மாற்றுவதற்கு அவர் பல ஆண்டுகள் ஊர் ஊராக அலைந்து வாதாட வேண்டியிருந்தது.

இந்த நாயின் வாழ்க்கை எளியதன்று. பிறந்து ஏறத்தாழ இரண்டு மாதங்கள் ஆனதும், குட்டியை ஒரு குடும்பத்தாரிடம் வளர்க்கத் தருவர். அங்கு ஓராண்டுக் காலம் கடைத்தெருவின் இரைச்சலுக்கும், படிக்கட்டுக்கும், பேருந்துக்கும், கூட்டத்துக்கும் அது பழகும். பின்னர்ப் பள்ளியிலே பல மாதங்கள் முறையான பயிற்சி. அதன் பிறகு, நடையின் விரைவும் இயல்பும் ஒத்த ஒருவரோடு அதனை இணைப்பர். அவரும் சில வாரங்கள் உடனிருந்து பயில வேண்டும். பயிற்சியில் தேறாத நாய்களும் உண்டு. தேறியவை எட்டு அல்லது பத்து வயது வரை உழைத்து ஓய்வு பெறும். எந்த இனத்து நாயும் இதற்கு உதவிவிடும் என்பதற்கில்லை. லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், ஜெர்மன் ஷெப்பர்டு ஆகிய இனங்களே பெரிதும் தேர்ந்தெடுக்கப்படுகின்றன.

மக்கள் பலர் இந்த நாயைப் பற்றித் தவறாக எண்ணுகின்றனர். ‘அஞ்சலகம் போ’ என்றால் நாய் தானே அழைத்துச் செல்லும் என்று நினைக்கின்றனர். அப்படியன்று. வழியறிந்தவர் மனிதரே. எத்தனை திருப்பம், எங்கே வலம், எங்கே இடம் என்னும் கணக்கெல்லாம் அவர் மனத்தில் இருக்கும். சாலை விளக்கின் நிறத்தைக் கண்டு நாய் நடப்பதும் இல்லை. சிவப்பையும் பச்சையையும் நம்மைப் போல் பிரித்தறியும் கண் அதற்கு இல்லை. வண்டிகளின் ஒலியைக் கேட்டு, கடக்கும் நேரத்தைத் தீர்மானித்து, ‘முன்னே செல்’ என்று ஆணையிடுபவர் மனிதர். பள்ளத்தை விலக்குவதும், படியில் நிற்பதும், தலையில் இடிக்கும் தாழ்ந்த கிளையைச் சுற்றிப் போவதும் நாயின் பணி. இவற்றிலும் வியப்பான பணி ஒன்று உண்டு. முன்னே செல் என்று தலைவர் சொன்ன வேளையில் ஒரு வண்டி பாய்ந்து வருமாயின், நாய் அசையாது நிற்கும். கீழ்ப்படியாமையைக் குற்றம் என்று கற்பிக்கும் உலகில், காலமறிந்து கீழ்ப்படியாதிருக்கவும் இந்நாய்க்குக் கற்பிக்கின்றனர்! என்னைக் கேட்டால், அதன் கல்வியிலே உயர்ந்த பாடம் இதுவே என்பேன்.

இத்தகைய நாயை நாம் வழியிலே கண்டால் என் செய்வோம்? உண்மையைச் சொல்வதானால், நம்மில் பாதிப்பேர் அஞ்சி விலகி ஓடுவோம். மறுபாதியினர் நாவைச் சொடுக்கி அழைத்து ரொட்டித்துண்டு நீட்டுவோம். இரண்டும் தவறே. முதுகிலே கைப்பிடி பொருந்திய வார்ப்பட்டை பூண்டிருக்கும்போது அந்நாய் ஏரில் பூட்டிய எருதை ஒத்தது. அதனை ஒருவர் தடவும் அந்த நொடியில் அதன் கவனம் சிதறும். சிதறிய நொடியில் ஒரு மனிதர் சாக்கடையில் கால் வைப்பார். அன்பால் விளைந்த தீங்கு என்பதற்காகக் கால் முறியாமல் இருக்குமோ? பேச விரும்பினால் நாயோடு பேசாமல் மனிதரோடு பேசுக. உதவ விரும்பினால் முதலில் கேட்டறிக. நாய் பெரும்பாலும் இடப்பக்கம் நடக்குமாதலால், நாம் வலப்பக்கமாக நெருங்குவது நலம்.

‘நம் நாட்டில் வழிகாட்டி நாயோடு நடப்போர் மிகச் சிலர், இந்தப் பேச்சு நமக்கு எதற்கு?’ என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. சித்திரை வெயிலில் தஞ்சையின் தார்ச்சாலை நாயின் உள்ளங்காலைச் சுட்டுவிடும். தெருவுக்குத் தெரு திரியும் நாய்கள் புதிய நாயைக் கண்டால் கூடி வளைத்துக்கொள்ளும். நடைபாதை இருக்கும் இடங்களிலும் கடைச்சரக்கும் மிதிவண்டியும் நடைபாதையை மறைத்து நிற்கும். வெளிநாட்டு முறையை அப்படியே இங்கு நட்டால் உடனே தழைக்கும் என்று நான் கூறவில்லை. ஆனால், நாய் வந்த பின்னர் ஒழுக்கம் வரட்டும் என்பது, நாற்று நட்ட பின்னர் வாய்க்கால் வெட்டுவதற்கு ஒப்பாகும். மேலும், நாய் வராவிட்டாலும் வெண்கோல் வந்துவிட்டது. தஞ்சையிலும் பார்வையற்ற மாணவர்க்கென அரசுப் பள்ளி உண்டு. உங்களைப் போன்ற மாணவர்கள் அங்கே புடையெழுத்தை விரலால் தடவிப் படிக்கின்றனர். அவர்களும் கடைக்குப் போக வேண்டும்; பேருந்து ஏற வேண்டும்; விடுமுறைக்கு ஊர் திரும்ப வேண்டும். எப்போதும் ஒருவர் கையைப் பற்றியே வாழ்தல் வேறு, தன் காலால் தான் விரும்பும் இடத்துக்கு நடத்தல் வேறு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பொது இடங்களை எல்லார்க்கும் அணுகத்தக்கனவாக்குமாறு பணிக்கிறது. சட்டம் சாலையைச் செப்பனிடச் சொல்லலாம். சாலையிலே நாம் எதைப் பரப்புகிறோம் என்பது நம் கையில் உள்ளது.

பரப்புவது என்றதும் நெல் நினைவுக்கு வருகிறது. அக்டோபர்த் திங்கள் 15ஆம் நாளை வெண்கோல் நாளாக உலகம் கொண்டாடுகிறது. அதே நாள்களில்தான் நம் வட்டாரத்தில் குறுவை நெல் சாலைக்கு வருகிறது. கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரம் நூற்றுக்குப் பதினேழு பங்குக்கு மேற்படலாகாது என்பது பொதுவிதி. வானமோ மழையைத் தாங்கி நிற்கிறது. களம் போதாமையால் உழவர் தார்ச்சாலையில் நெல்லைக் கொட்டிக் காய வைக்கின்றனர். அவர்களைக் குறைகூற எனக்கு மனமில்லை. ஊர்தோறும் களம் அமையாத வரையில் அவர்கள் வேறெங்குச் செல்வர்? சாலையின் ஒரு புறத்தை நடப்பவர்க்கு ஒழித்துவிட்டு, மறு புறத்தில் பரப்பினால் போதும் என்பதே என் வேண்டுகோள்.

இதனை நான் கற்றது ஒரு பெரியவரிடம். சில ஆண்டுகளுக்கு முன், ஐப்பசித் தொடக்கத்தில், ஒரத்தநாட்டுப் பக்கம் ஒரு சிற்றூர்ச் சாலை வழியே சென்றேன். சாலை முழுவதும் நெல். அதன் ஓரத்தில் கைப்பிடிச் சுவர் இல்லாத வாய்க்கால், கரை ததும்ப ஓடியது. வெண்கோலுடன் வந்த முதியவர் ஒருவர் நடுவழியில் நின்றுவிட்டார். தாரிலே தட்டினால் ஒலிக்கும் கோல், நெல்லிலே புதைந்து ஊமையாகிவிட்டது. சாலை எங்கே முடிகிறது, நீர் எங்கே தொடங்குகிறது என்று அவருக்குத் தெரியவில்லை. நான், “அந்தப் பக்கம் போகாதீர்கள்! இந்தப் பக்கம் வாருங்கள்!” என்று கூவினேன். அந்தப் பக்கம், இந்தப் பக்கம் என்பவை கண்ணுடையார்க்கே பொருள் தருஞ் சொற்கள் என்பது எனக்கு அப்பொழுது தோன்றவில்லை. பிறகு ஓடிச்சென்று அவர் கோலின் நுனியைப் பற்றி இழுத்தேன். அதைவிடப் பெரும்பிழை வேறில்லை.

அவர் சினக்கவில்லை. “தம்பி, கோலை விடுங்கள். உங்கள் முழங்கையைக் கொடுங்கள், நான் பிடித்துக்கொள்கிறேன். நீங்கள் முன்னே நடந்தால் போதும்” என்றார். அவ்வாறே நடந்தோம். நெல் முடிந்த இடத்தில் கோல் மீண்டும் தாரிலே தட்டி ஒலித்தது. உடனே என் முழங்கையை விட்டார். விட்டவர், குனிந்து, ஓரத்திலிருந்து ஒரு பிடி நெல்லை அள்ளினார். இரண்டு மணிகளைப் பல்லில் வைத்துக் கடித்துப் பார்த்தார்.

“இன்னும் ஒரு வெயில் வேண்டும், நெல்லுக்கு உடையவரிடம் சொல்லிவிடுங்கள்” என்று கூறிவிட்டுத் தம் வழியே நடந்தார்.