மலையேறியின் குறிப்பேடு

சித்திரைப் புத்தாண்டு பிறந்து சில வாரங்கள் கழிந்துவிட்டன. கைவிசேடமாக வாங்கிய காசு சிறுவர் கையிலே இந்நேரம் தங்கியிராது. பலகாரப் பெட்டியும் வெறிதாகியிருக்கும். ஒவ்வோர் இராசிக்கும் ஆதாயம் இவ்வளவு, விரயம் இவ்வளவு என்று பஞ்சாங்கம் மட்டும் சுவரிலே தொங்கிக்கொண்டிருக்கும். அது வருகின்ற ஆண்டுக்கு எழுதிய கணக்கு. கழிந்த ஆண்டின் கணக்கை நமக்கு எழுதித் தருவார் எவருமிலர். அதை நாமே எழுத வேண்டியிருக்கிறது.

பூனாகலையிலே சனிக்கிழமை தோறும் மாலை வேளையில், உயர்தரப் பரீட்சைக்கு இரண்டாம் முறை தோற்றவிருக்கும் பிள்ளைகள் சிலருக்குப் புவியியல் சொல்லிக்கொடுத்து வருகிறேன். கோயில் மண்டபமே எங்கள் வகுப்பறை. புத்தாண்டுக்குப் பின் கூடும் வகுப்பில், 'கழிந்த ஆண்டில் நான் எய்தியவை' என்னும் தலைப்பில் ஒரு பக்கம் எழுதச் சொல்வது என் வழக்கம். இம்முறை பன்னிரண்டு தாள்கள் வந்தன. பதினொன்றில் ஏதேனும் இருந்தது. ஒருவன் தம்பிக்குச் சைக்கிள் பழக்கிய கதையை எழுதியிருந்தான். ஒருத்தி தையல் வகுப்பிலே சான்றிதழ் பெற்றதை எழுதியிருந்தாள். பன்னிரண்டாவது தாளிலே பெயர் மட்டும் இருந்தது.

அந்தப் பிள்ளையின் தாயார் கொழுந்து பறிப்பவர். லயத்திலிருந்து வகுப்புக்கு மூன்று கிலோமீற்றர் தூரம் ஏற்றமும் இறக்கமுமாக நடந்து வருபவள் அவள். பரீட்சைப் பெறுபேறுகள் வந்து பத்து நாட்களும் ஆகவில்லை. புவியியலிலே அவள் சித்தியெய்தத் தவறியிருந்தாள்.

"என்ன பிள்ளை, பெயரோடு நிறுத்திவிட்டாயே?" என்றேன்.

"எழுதுறதுக்கு ஒண்ணுமில்லிங்க, சேர்" என்றாள். முகத்தில் அழுகையில்லை, கடைக்காரர் 'சீனி முடிந்துவிட்டது' என்று சொல்வாரே, அந்தக் குரல்.

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. வேறு நினைவு வேண்டிப் புத்தகங்களைப் புரட்டினேன். நான் புவியியல் ஆசிரியன். மலைகளைப் படத்திலும் புத்தகத்திலுமே பெரிதும் ஏறியவன். உலகத்து மலையேறிகளைப் பற்றி அகப்பட்டதையெல்லாம் வாசிக்கும் பித்து எனக்கு இளமையிலிருந்தே உண்டு. அவர்களுள்ளும் செங்குத்தான பாறையிலே கைவிரலாலும் கால்விரலாலும் பற்றி ஏறுவோர் தனி இனத்தவர்.

நம்மவருக்கு இது விநோதமாகத் தோன்றலாம். சரிவிலே பிறந்து, சரிவிலே கூடை சுமந்து வாழ்வோருக்கு மலை விளையாட்டுப் பொருளன்று. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தையிலே லயங்களை மூடிய மண்சரிவை இப்பகுதியில் மறந்தவர் இல்லை. அத்தகைய மலையிலே வேலையுமின்றிக் கூலியுமின்றி ஒருவன் ஏன் தொங்க வேண்டும் என்று என் அயலவர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்கு என்னிடம் விடையில்லை. ஆனால் அவ்வாறு தொங்குவோர் தம் கணக்கை எழுதும் முறை என்னைக் கவர்ந்தது.

பாறையேற்றத்திலே ஒரு விதி உண்டு. இடுப்பிலே கயிறு இருக்கும். ஆயினும் அது விழுந்தால் தாங்குவதற்கே அன்றி ஏறுவதற்கு உதவியன்று. உயர்ந்த பாறையைப் பல கட்டங்களாக வகுத்துக்கொள்வர். ஒரு கட்டத்தின் நடுவே கை வழுவிக் கயிற்றிலே தொங்க நேர்ந்தால், அக்கட்டத்தின் அடிக்கே மீண்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். முக்காற்பங்கு ஏறியதற்கு முக்காற்பங்கு புள்ளி கிடையாது. அதைக் கண்காணிக்கப் பாறையிலே நடுவர் எவரும் இல்லை. போட்டிக்காகக் கட்டிய சுவர்களிலே நடுவர் உண்டு. டோக்கியோ ஒலிம்பிக்கிலிருந்து அதற்குப் பதக்கமும் உண்டு. காட்டுப் பாறையிலோ ஏறியவனும் கயிறு பிடித்தவனும் சொல்வதே சாட்சி. ஆகையால் அவர்களிற் பலர் குறிப்பேடு வைத்திருப்பர். எந்தப் பாறை, எந்நாள், எவ்விடத்தில் வழுக்கியது, ஏன் வழுக்கியது என்பவற்றைக் குறித்து, ஆண்டிறுதியிலே புரட்டிப் பார்ப்பர்.

அமெரிக்காவின் அலெக்ஸ் ஹொனல்ட் அத்தகைய குறிப்பேட்டுக்காரர். கலிபோர்னியாவின் யொசமிற்றிப் பள்ளத்தாக்கிலே எல் கப்பிற்றான் என்றொரு கருங்கற் சுவர் உண்டு. ஏறத்தாழ 900 மீற்றர். நம் தியலும நீர்வீழ்ச்சியின் உயரம் 220 மீற்றர். அவ்வாறு நான்கினை ஒன்றன்மேலொன்றாய் அடுக்கி மனத்திலே பாருங்கள். 2017 ஜூன் 3ஆம் திகதி அவர் அதனைக் கயிறேயின்றி 3 மணி 56 நிமிடத்தில் ஏறி முடித்தார். இதனை உலகறியும். அதற்கு ஏழு மாதம் முன்னர், 2016 நவம்பரிலே, படம் பிடிப்போர் காத்திருக்க, இருளிலே ஏறத் தொடங்கி, கீழ்ப்பகுதியிலேயே கால் நம்பிக்கை தராமையால் நிறுத்தி இறங்கிவிட்டதை அறிந்தோர் சிலரே. அவ்விறக்கம் இல்லையேல் ஏற்றமும் இல்லை. (கயிறின்றி ஏறுவதை நான் பாராட்டுகிறேன் என்று எவரும் கருதற்க. என் மகன் அதைச் செய்தால் காதைத் திருகியிருப்பேன்.)

கயிறு என்றதும் மற்றொன்று நினைவுக்கு வருகிறது. பாறையேற்றம் வெள்ளைக்காரர் கண்டுபிடித்ததென்று நாம் எண்ண வேண்டியதில்லை. சங்க நூல்களிலே மலைத்தேன் எடுக்க ஏறும் ஏணிக்கு 'மால்பு' என்று தனிச்சொல்லே உண்டு. நம் ஊவாவின் வேடர் கொடிகளால் ஏணி பின்னிக் குன்றின் உச்சியிலிருந்து தொங்கவிட்டு, புகையூட்டித் தேனெடுத்ததைச் செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளிவந்த தம் நூலிலே விரித்துரைத்துள்ளனர். நீலகிரியிலே தேனெடுக்கும் குறும்பரிடையே, உச்சியிலிருந்து கயிற்றைக் காக்கும் பொறுப்பை மனைவியின் உடன்பிறந்தானிடமே ஒப்படைக்கும் வழக்கம் உண்டு. தன் சகோதரி கைம்பெண்ணாக எவன்தான் உடன்படுவான்! மைத்துனன்மாரோடு பிணக்கு வைத்திருக்கும் நேயர்கள் இதைச் சற்றே எண்ணிப் பார்ப்பார்களாக.

கயிறு பிடிப்பவனின் பெருமைக்கு அண்மைக்கால எடுத்துக்காட்டு, அதே எல் கப்பிற்றானிலே நிகழ்ந்தது. அச்சுவரின் ஒரு பக்கம், காலை வெயில் முதலில் படுவதால், 'வைகறைச் சுவர்' எனப் பொருள்படும் டோன் வோல் என்று பெயர் பெற்றது. விரல்நுனிக்கும் இடங்கொடாத வழுவழுப்பு. தொமி கால்ட்வெல் என்பவர் பல ஆண்டுகள் அதிலே வழி தேடினார். இத்தனைக்கும் 2001இல் மரமறுக்கும் இயந்திரத்திலே இடக்கைச் சுட்டுவிரலை இழந்தவர் அவர். 2014 டிசம்பர் 27ஆம் திகதி அவரும் கெவின் ஜோர்ஜசன் என்பவரும் ஏறத் தொடங்கினர். முப்பத்திரண்டு கட்டங்கள். சுவரிலே கட்டித் தொங்கவிட்ட கூடாரத்திலேயே உணவும் உறக்கமும். வெயிலில் விரல் வியர்த்து வழுக்கும் என்பதால் பெரும்பாலும் இரவின் குளிரிலே ஏற்றம். ஆங்கிலப் புத்தாண்டு அவர்களுக்குச் சுவரிலேயே பிறந்தது.

பதினைந்தாவது கட்டத்தைக் கால்ட்வெல் கடந்துவிட்டார். ஜோர்ஜசனாலோ இயலவில்லை. விழுந்தார், அடிக்கு மீண்டார், மறுபடியும் விழுந்தார். விரல்நுனித் தோல் பிளந்தது. தோல் ஆறும்வரை நாட்கணக்கில் கூடாரத்திலே சும்மா இருக்க வேண்டியதாயிற்று. ஏறத்தாழ ஒரு வாரம் இவ்வாறே கழிந்தது. கால்ட்வெல் இன்னும் சில கட்டங்கள் ஏறி, கடினமான பகுதியையெல்லாம் தாண்டிவிட்டார். தனியே போயிருந்தால் முதற்புகழ் அவருக்கே. அவரோ மேலே போகாமல் நின்றார். நண்பனுக்குக் கயிறு பிடிக்கத் திரும்பினார். ஜனவரி 9ஆம் திகதி ஜோர்ஜசன் அக்கட்டத்தைக் கடந்தார். 14ஆம் திகதி, பத்தொன்பதாம் நாள், இருவரும் உச்சியிலே நின்றனர். கால்ட்வெலின் அவ்வாண்டுக் கணக்கிலே எதை முதலில் எழுதுவது? உச்சியையா, காத்திருந்த நாட்களையா? என்னைக் கேட்டால் இரண்டாவதையே எழுதுவேன்.

நம் நாட்டுக் கணக்கொன்றும் உண்டு. 2016 மே 21ஆம் திகதி ஜயந்தி குரு உதும்பால எவரெஸ்ட் உச்சியை அடைந்தார். இலங்கையரில் அவரே முதல்வர். நாடெங்கும் பாராட்டு. அவரோடு புறப்பட்டவர் ஜொஹான் பீரிஸ், சிகையலங்காரக் கலைஞர். 8,400 மீற்றரை எட்டியபோது ஒட்சிசன் போதாமற்போயிற்று. எவரெஸ்ட்டின் உயரம் ஏறத்தாழ 8,849 மீற்றர். எஞ்சியிருந்தது 450 மீற்றருக்குள்ளே. நம் பாடசாலை மைதானத்தை ஒரு தடவை சுற்றிவரும் தூரந்தான். அவர் திரும்பிவிட்டார்.

அந்த ஆண்டின் முடிவிலே அவர் என்ன எழுதியிருப்பார் என்று நான் அடிக்கடி எண்ணுவதுண்டு. தோழி முதல்வரானார், தாம் இடைவழியிலே மீண்டார். எதிரே வந்தவரெல்லாம் "சிறிது தூரந்தானே!" என்று இரங்கியிருப்பர். இரக்கம் சிலவேளை ஏளனத்தினும் கூரியது. ஆனால் 'உச்சியருகே போனேன்' என்று பொதுப்படச் சொல்லி மழுப்பவில்லை. 8,400 என்னும் எண் அவர் பெயரோடு இன்றும் அப்படியே நிற்கிறது. 2018இல் மீண்டும் சென்று, மே 22ஆம் திகதி உச்சியை அடைந்தார். முதன்முறை எந்த உயரத்தில் என்ன குறைந்தது என்பதை அறியாதவர் இரண்டாம் முறை எதனைத் திருத்திக்கொள்வார்?

இதுவரை பிறர் கணக்கையே சொன்னேன். இனி என் கணக்கு. சொல்ல நாணமாகத்தான் இருக்கிறது.

பல்கலைக்கழக மாணவனாயிருந்த காலத்தில், விடுமுறையொன்றிலே நண்பர் மூவரோடு நமுனுகுலை மலைக்குச் சென்றேன். ஒன்பது சிகரங்கள் என்பது பெயரின் பொருள். உயரம் 2,036 மீற்றர். விடியலிலே தேயிலைக்கூடாக ஏறிக் காட்டுக்குள் புகுந்தோம். ஒன்பது மணியளவில் முகில் இறங்கியது. பத்தடிக்கு அப்பால் மரம் தெரியவில்லை. அட்டைகள் மட்டும் எங்களைத் தவறாமல் கண்டுபிடித்தன. பெரிய பாறையொன்றின் கீழே பாணும் சம்பலும் தின்றோம். மேலே இன்னும் எவ்வளவு தூரம் என்று எவர்க்கும் தெரியாது. திரும்பினோம். திரும்பியது தவறன்று. இறங்கும்போது எங்களுள் ஒருவன், "ஏறிவிட்டோம் என்றே சொல்வோம், யார் பார்த்தார்கள்?" என்றான். மற்ற மூவரும் சிரித்தோம். அச்சிரிப்பே உடன்பாடாயிற்று.

அன்றிலிருந்து நமுனுகுலையை ஏறியவனாகவே உலாவி வந்தேன். மலைகளைப் பற்றிய பாடம் வரும்போதெல்லாம், "2,036 மீற்றர், நானே ஏறிப் பார்த்திருக்கிறேன்" என்று கரும்பலகையருகே நின்று சொல்லியிருக்கிறேன். உச்சியிலிருந்து தெரியும் காட்சியைக்கூட வருணித்திருக்கிறேன்! ஆசிரியர் சொல்லை ஐயுறும் வழக்கம் நம் பிள்ளைகளிடம் இல்லை. அந்த இரவிலே அவளுடைய வெறுந்தாள் மேசையில் கிடந்தது. ஒன்றுமில்லை என்று எண்ணியவள் ஒன்றுமில்லை என்றே வைத்தாள். என் ஏட்டிலோ இருபது ஆண்டுகளாக ஏறாத மலையொன்று ஏறியிருந்தது.

அடுத்த சனிக்கிழமை வகுப்பிலே ஜொஹான் பீரிஸின் கதையைச் சொன்னேன். டோன் வோலைக் கரும்பலகையில் கீறிக் காட்டினேன். பின்னர் நமுனுகுலைக் கதையையும் சொன்னேன். மண்டபம் அமைதியாயிற்று. பின்வரிசைப் பையன் ஒருவன், "அப்போ அந்தப் பாறைவரைக்கும் எவ்வளவு உயரங்க, சேர்?" என்று கேட்டான். தெரியாது என்றேன். அதைத்தான் அன்றைக்கே குறித்து வைத்திருக்க வேண்டும் என்றும் சொன்னேன். சிலர் சிரித்தார்கள். அவள் சிரித்தாளா என்பதை நான் கவனிக்கவில்லை. அந்தப் பக்கம் பார்க்கத் துணிவில்லை என்பதே உண்மை.

சென்ற வாரம் வகுப்பு முடிந்ததும் அவள் மேசையருகே வந்து, கொப்பியிலிருந்து கிழித்த தாளொன்றை வைத்துவிட்டுப் போனாள். தலைப்பிலே பரீட்சை நடந்த திகதி. அதன் கீழே: "இரண்டாம் வினாத்தாள். இடவிளக்கப் படம். சமவுயரக் கோடுகள் நெருக்கமாக இருந்த இடத்தை மென்சரிவு என்று எழுதிவிட்டேன். அது செங்குத்துச் சரிவு. அதற்கு முந்திய வினாவுக்குப் பதினைந்து நிமிடம் கூடுதலாக எடுத்ததால் திரும்பிப் பார்க்க நேரம் இருக்கவில்லை." நாள்தோறும் செங்குத்துச் சரிவிலே ஏறி இறங்குகின்ற பிள்ளை!

தாளின் மறுபக்கத்திலே ஒரு படம் இருந்தது. தன் லயத்துக்குப் பின்னாலுள்ள மலையைச் சமவுயரக் கோடுகளாக வரைந்திருந்தாள். லயத்துக்கு ஒரு நீண்ட கட்டம், பீலிக்கு ஒரு புள்ளி, வகுப்புக்கு வரும் பாதைக்குப் புள்ளிக்கோடு. மேலே போகப்போகக் கோடுகள் நெருங்கிச் சென்றன. நெருங்க வேண்டிய இடத்திலேயே நெருங்கியிருந்தன. ஒரு கோட்டுக்கு மட்டும் உயரம் குறிக்க மறந்திருந்தாள். அதைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, அடுத்த சனிக்கிழமை கொடுப்பதற்காக எடுத்து வைத்திருக்கிறேன்.