வாய்க்குள் மூணு விரல் நுழையுதா? தாடைக் கணக்கு தரும் எச்சரிக்கை

மதுரைப் பக்கம் கல்யாணப் பந்தி முடிந்தால் தாம்பூலம் கட்டாயம். சோழவந்தான் வெற்றிலைக்கு 2023-ல் புவிசார் குறியீடே கிடைத்தது. பிரச்சினை வெற்றிலையோடு சேரும் பாக்கில்தான். அதையோ பான் மசாலாவையோ வருடக்கணக்கில் மெல்பவர்களில் சிலருக்கு வாய் மெல்ல மெல்லத் திறக்க முடியாமல் போகிறது. ஏன் அது சீக்கிரம் தெரிவதில்லை? தாடை அசைவின் கணக்கில் பதில் இருக்கிறது.

தாடை வெறும் கதவுக் கீலா?

பாதி சரி. முதல் 20 மி.மீ. வரை திறக்கும்போது, காதுக்கு முன்னால் உள்ள மூட்டு பெரும்பாலும் சுழலத்தான் செய்கிறது. அதற்கு மேல் போனால் தாடை எலும்பின் முனை முன்பக்கம் சறுக்கும். அங்கே விரலை வைத்து வாயை அகலமா திறந்து பாருங்க, தெரியும்.

இதில் கணக்கு எங்கே?

கீழ் முன்பல் எங்கெல்லாம் போய்வர முடியும் என்ற எல்லையை 1952-ல் வரைந்து காட்டினார் சுவீடன் பல் மருத்துவர் உல்ஃப் பொசெல்ட். இன்றைய கணினி மாதிரிகள் எலும்பை வளையாத பொருளாகவும், தசையை இழுவிசையாகவும், தசைநாரை ஸ்பிரிங்காகவும் வைத்துக் கணக்கிடுகின்றன. ஆழத்தில் இருக்கும் தாடைத் தசைகளின் விசையை நேரடியாக அளப்பது கடினம் என்பதே காரணம்.

இட்லியோ பரோட்டாவோ, மெல்லுவதற்கு அந்த எல்லையின் நடுப்பகுதியே போதும். எனவே விளிம்பு சுருங்கினாலும் நமக்கு உறைக்காது.

பாக்கு என்ன செய்கிறது?

பாக்கில் உள்ள அரிகோலின் போன்ற பொருட்கள் கன்னத்தின் உள்சவ்வுக்கு அடியில் நார்த்திசுவைச் சேர்க்கின்றன. மூட்டு நன்றாக இருக்கும், தசையும் இழுக்கும். ஆனால் இறுகிப்போன கன்னம் விடாது. இதன் பெயர் ஓரல் சப்மியூகஸ் ஃபைப்ரோசிஸ். புற்றுநோயாக மாறக்கூடிய நிலை இது. காரம் பட்டால் வாய் எரிவது ஆரம்ப அறிகுறி.

"புகையிலை இல்ல, வெறும் பாக்குதானே" என்பது சமாதானம் ஆகாது. புகையிலை சேராத பாக்கையும் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக 2004-ல் வகைப்படுத்தியது பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை.

என்ன செய்யலாம்?

புகையிலை கலந்த குட்காவை 2013-ல் தமிழக அரசு தடை செய்தது. வெறும் பாக்குப் பொட்டலமோ பெட்டிக்கடையில் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது. தடை பற்றிய விவாதம் ஒருபுறம் நடக்கட்டும். ரத்த அழுத்தம், சர்க்கரை பார்க்கும் ஒவ்வொரு முகாமிலும் வாய் திறப்பையும் அளந்து எழுதி வைக்க வேண்டும். அதற்கு ஒரு ஸ்கேல் போதும். பெரியவர்களுக்குப் பொதுவாக 40 முதல் 50 மி.மீ. வரை திறக்கும். ஒருமுறை எடுத்த அளவைவிட, 45, 40, 36 என்று அது இறங்குகிறதா என்பதே முக்கியம்.

வீட்டிலேயே பார்க்க வழி இருக்கு. உங்கள் ஆள்காட்டி, நடு, மோதிர விரல்களைச் சேர்த்து, ஒன்றின்மேல் ஒன்றாக நிற்கும்படி மேல், கீழ் முன்பற்களுக்கு நடுவே வையுங்க. மூன்றும் நுழையாவிட்டால் பல் மருத்துவரைப் பாருங்க. பாக்கை இன்றே நிறுத்துங்க. இறுகிய சதை முழுசாகப் பழைய நிலைக்குத் திரும்புவது அரிது. மிச்சமிருக்கும் மில்லிமீட்டர்களைக் காப்பாற்ற முடியும்.