“பிரிண்ட்தானே?” என்று கேட்பவர்களுக்கு

இந்த ஒரு கேள்வியைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. கோவையில் எந்த ஓவியக் கண்காட்சிக்குப் போனாலும், காகிதத்தில் அச்செடுத்த படம் ஒன்று சுவரில் இருந்தால் இதே கதைதான். முன்னால் நிற்கிற பெரிய மனிதர் விலைச் சீட்டைப் பார்ப்பார். பக்கத்தில் இருப்பவரைப் பார்ப்பார். “பிரிண்ட்தானேங்க, இதுக்குப் போயி இத்தனையா?” என்பார். அப்புறம் அடுத்த சுவருக்கு நகர்ந்து, அங்கே ஓடிக்கொண்டிருக்கிற ஏழு குதிரைகளை விலை பேச ஆரம்பித்துவிடுவார்.

இந்தப் பதிவு அவருக்காக. கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எனக்கு இதைப் பேச என்ன தகுதி என்று கேட்பீர்கள். நான் ஓவியன் இல்லை. முப்பத்து நாலு வருஷம் துணிக்குச் சாயமேற்றி அச்சடிக்கும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். முதல் மீட்டரில் என்ன சிவப்போ, பத்தாயிரமாவது மீட்டரிலும் அதே சிவப்பு வர வேண்டும். அதுதான் எங்கள் வேலை. ஒரு லாட்டுக்கும் அடுத்த லாட்டுக்கும் ஷேட் ஒரு நூலளவு மாறினால் சரக்கு திரும்பி வரும். ஒன்றைப் போலவே இன்னொன்றைச் செய்வது எப்படி என்று எனக்கு நன்றாகவே தெரியும். அதனால்தான் சொல்கிறேன்: ஒருமுறை எடுத்த பிறகு திரும்ப எடுக்கவே முடியாத அச்சு என்று ஒன்று இருக்கிறது. அதன் பெயர் மோனோடைப். அதை ஜெராக்ஸோடு சேர்த்துப் பேசுவது அறியாமை.

பழைய அச்சகத்து நண்பர்கள் இந்தப் பெயரைக் கேட்டதும் ஈய எழுத்து வார்க்கிற இயந்திரத்தை நினைப்பீர்கள். அந்த மோனோடைப் வேறு, இது வேறு.

செய்முறை ரொம்பச் சுலபம். வழவழப்பான ஒரு தகடு. செம்பு, துத்தநாகம், அக்ரிலிக், சாதாரணக் கண்ணாடி, எதுவும் ஆகும். அதன்மேல் எதையும் செதுக்குவதில்லை, அமிலத்தில் அரிப்பதுமில்லை. உருளையால் மையைப் பரப்பிவிட்டுத் துணியாலும் விரலாலும் காது குடையும் பஞ்சுக்குச்சியாலும் துடைத்துத் துடைத்து வெளிச்சத்தை எடுக்கலாம். இல்லையென்றால் வெறும் தகட்டில் தூரிகையால் நேராகவே வரையலாம். மை காய்வதற்குள் லேசாக ஈரப்படுத்திய காகிதத்தை மேலே போட்டு, கம்பளித் துணி மூடி, இரண்டு உருளைக்கு நடுவே அழுத்தி எடுக்க வேண்டும். கரும்புச் சாறு மெஷினைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா, ஏறக்குறைய அதே சங்கதிதான். அதுவும் இல்லையென்றால் கரண்டியின் முதுகால் தேய்த்தே எடுத்துவிடலாம்.

காகிதத்தைத் தூக்கினால் படம் இடவலம் மாறி வந்திருக்கும். தகட்டில் இருந்த மையில் பெரும்பகுதி காகிதத்துக்குப் போயிருக்கும். மிச்சமிருக்கும் மையில் இன்னொரு காகிதம் போட்டால் பழைய சலவைப் புடவையில் தெரிகிற பூப்போல மங்கலாக ஒன்று வரும். அதற்குப் ‘பேய் அச்சு’ என்று பெயர். அதற்கு மேல் தகட்டில் ஒன்றுமில்லை. துடைத்தால் கண்ணாடி கண்ணாடியாகிவிடும்.

மோனோபிரிண்ட் என்பது இதற்குப் பங்காளி. அதில் தகட்டில் நிரந்தரமாகச் செதுக்கிய கோடோ உருவமோ இருக்கும். ஆனால் மையை ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி ஏற்றுவார்கள். ஒரே அச்சில் சுட்ட அதிரசத்துக்கு ஆளுக்கொரு பதம் வந்த மாதிரி, சாடை ஒன்று, முகம் வேறு. இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்புகிறவர்கள் விற்பவர்களிலேயே உண்டு. வாங்குகிறவராவது கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இது நேற்றைக்கு வந்த நாகரிகம் என்று நினைக்க வேண்டாம். இத்தாலியின் ஜெனோவாக்காரர் கஸ்திலியோனே 1640-களிலேயே செய்துவிட்டார். இங்கிலாந்தில் கவிஞர் வில்லியம் பிளேக் 1795-ல் பெரிய பெரிய வண்ண அச்சுகளை இந்த வழியில் எடுத்து, மேலே கையால் தீட்டினார். பிரான்ஸில் எட்கர் டெகா 300-க்கும் மேற்பட்ட மோனோடைப்புகள் எடுத்தவர். பாலே நடனக்காரிகளை வரைந்தவர் என்று நாம் அறிந்த அதே டெகாதான். மங்கலாக வந்த இரண்டாவது அச்சை அவர் தூக்கிப் போடவில்லை. அதன்மேல் பாஸ்டல் சுண்ணம் பூசிப் புது ஓவியமாக்கினார். நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 2016-ல் இந்த அச்சுகளை நடுநாயகமாக வைத்தே ஒரு பெரிய கண்காட்சி நடத்தியது. அங்கே யாரும் “பிரிண்ட்தானே” என்று கேட்டிருப்பார்கள் என்று தோன்றவில்லை.

ஓவியர்களுக்கு இதில் என்ன கவர்ச்சி? கான்வாஸில் மாதக்கணக்கில் திருத்திக்கொண்டே இருக்கலாம். பல படங்கள் திருத்தித் திருத்தியே செத்துப்போகின்றன. மோனோடைப்பில் மை காய்வதற்குள் முடித்தாக வேண்டும். யோசனை எல்லாம் முன்னாலேயே ஆகியிருக்க வேண்டும், கை ஓட வேண்டும். அப்புறம் உருளையின் அழுத்தம் ஒரு வேலை செய்யும். அது மையைக் காகிதத்தின் மேலே நிற்க விடாமல் இழைக்குள் இறக்கிவிடும். அந்த மினுமினுப்பு தூரிகைக்கு வராது. என்ன வரும் என்பதில் முக்கால் பங்கு ஓவியனுக்குத் தெரியும், கால் பங்கு தெரியாது. அந்தக் கால் பங்குக்காகத்தான் அவன் மறுபடி மறுபடி தகட்டைத் துடைக்கிறான்.

“தற்செயலாக வருவதெல்லாம் கலையா?” என்று ஒரு நண்பர் கேட்டார். அய்யா, சூளையில் வைத்த பானைக்கு என்ன நிறம் ஏறும் என்று குயவருக்கு முழுக்கத் தெரியுமா? பத்திக் துணியில் மெழுகு எங்கே விரிசல் விடும் என்று யாருக்குத் தெரியும்? அந்தப் பத்திக்கும் மற்ற கைவினைகளும் விற்ற காசை முதுகெலும்பாக வைத்துத்தான் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் 1966-ல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை எழுப்பினார்கள். தற்செயலை வரவேற்கத் தெரிந்தவனுக்குத்தான் அது பயன்படும். மற்றவனுக்கு அது வெறும் கறை.

அச்சுக் கலை நமக்கு அந்நியமும் இல்லை. ரவி வர்மா 1894-ல் பம்பாயில் அச்சகம் போட்டு லட்சுமியையும் சரஸ்வதியையும் வீடு வீடாகக் கொண்டுவந்தார். அந்தப் படங்களுக்கு நம் அம்மிச்சிமார்கள் என்ன செய்தார்கள், ஞாபகம் இருக்கிறதா? பட்டுத் துண்டு வெட்டிச் சேலை கட்டினார்கள், ஜிகினா ஒட்டினார்கள், சரிகை வைத்தார்கள். ஆயிரக்கணக்கில் அச்சான ஒரு லட்சுமி, அந்த வீட்டுக்கு மட்டுமே சொந்தமான லட்சுமி ஆகிவிட்டாள். மோனோபிரிண்ட் என்ற பேர் தெரியாமலே அதன் கருத்தைப் புரிந்துகொண்டவர்கள் அவர்கள். படித்த பேரன்களுக்குத்தான் புரியவில்லை.

சித்தூர்ப் பக்கத்தில் 1925-ல் பிறந்த கிருஷ்ணா ரெட்டி, சென்னைக் கலாக்ஷேத்திராவில் ஓவியம் கற்பித்துவிட்டுப் பாரிஸ் போனவர். ஒரே தகட்டில் பல நிறங்களை, மையின் எண்ணெய்ப் பதத்தை மாற்றி மாற்றி ஏற்றி ஒரே இழுப்பில் அச்செடுக்கும் முறையை வளர்த்தவர்களில் அவர் முக்கியமானவர். உலகம் முழுக்க இன்று மாணவர்கள் அதைப் படிக்கிறார்கள். தேவகோட்டையில் 1957-ல் பிறந்த ஆர்.எம். பழனியப்பன், அச்சுக் கலையையே தன் முதன்மை மொழியாகக் கொண்டு பெயர் பெற்றவர். இவர்கள் பெயரை நம் ஊரில் எத்தனை வீட்டில் தெரியும்? குதிரைப் படம் விற்கிற கடையின் பெயர் எல்லோருக்கும் தெரியும்.

இப்போது கோபத்தின் நடுப்பகுதிக்கு வருகிறேன்.

என் உறவினர் ஒருவர் புதுமனை புகுந்தார். உள் அலங்காரம் செய்து கொடுத்தவர் (பெயர் வேண்டாம்) வரவேற்பறைக்கு ஒரு பெரிய கான்வாஸ் படம் மாட்டிவிட்டார். பின்னால் ஒரு சான்றிதழ். ‘லிமிடெட் எடிஷன், 112/500’. உறவினருக்குப் பெருமை தாங்கவில்லை. ஒறம்பரை வந்தால் படத்தைத் திருப்பிச் சான்றிதழைக் காட்டுகிறார். நான் கண்ணாடியைக் கழற்றிக் கிட்டத்தில் பார்த்தேன். சுத்தமான இங்க்ஜெட். பிளாட்டர் மெஷினில் ஓட்டி, மேலே தூரிகைத் தடம் மாதிரி பசை தடவியிருக்கிறது. ஐந்நூறு என்பது யார் போட்ட கணக்கு? தகடு தேய்ந்து போவதால் வந்த கணக்கா? கம்ப்யூட்டரில் இருக்கிற ஃபைல் தேயுமா? ஐந்நூறு முடிந்ததும் அளவை ஓர் அங்குலம் மாற்றி இன்னொரு ஐந்நூறு ஓட்டினால் யார் தடுப்பது?

இந்த வகை அச்சுக்கு ‘ஜிக்லே’ என்று ஒரு பிரெஞ்சு வாசனையுள்ள பெயர் உண்டு. 1991-ல் ஜாக் டுகான் என்ற அமெரிக்க அச்சுக்காரர் உருவாக்கிய பெயர் அது. காரணம் எளிது. இங்க்ஜெட் என்று சொன்னால் கலை வாங்குபவர் முகம் சுளிப்பார். பீய்ச்சுவது என்பதுதான் அந்தப் பிரெஞ்சுச் சொல்லின் பொருளே. பெயரை மாற்றினார்கள், மெஷினை மாற்றவில்லை.

ஆக, “பிரிண்ட்தானே” என்று சொல்லி ஒரே ஒரு பிரதி மட்டும் உள்ள அச்சை ஒதுக்கிய அதே கை, எத்தனை பிரதி என்று தெரியாத இங்க்ஜெட்டுக்குக் காசோலை எழுதுகிறது. கான்வாஸில் இருந்தால் ஓவியம், காகிதத்தில் இருந்தால் காப்பி என்பது கணக்கு! துணி விற்கிற ஊரில் துணியைப் பார்த்தே ஏமாறுகிறோம்.

நியாயமாகப் பேச வேண்டும் என்பதால் இரண்டு விஷயம். எண்ணிட்ட அச்சு எல்லாமே மோசடி என்று நான் சொல்லவில்லை. மரத்திலோ லினோலியத்திலோ கையால் செதுக்கி, ஐம்பது எடுத்து, 7/50 என்று பென்சிலால் எழுதிக் கையெழுத்திட்டால் அது நேர்மை. வங்காளத்துச் சித்தபிரசாத் ஏழைகளின் பாட்டை லினோவில் வெட்டியது பல கைகளுக்குப் போய்ச் சேரத்தான். அது பெரிய நோக்கம். இன்னொன்று: ஒன்றே ஒன்றுதான் என்பதாலேயே ஒரு மோனோடைப் நல்ல படம் ஆகிவிடாது. என் கட்டைவிரல் ரேகையும் உலகத்தில் ஒன்றுதான். மட்டமான மோனோடைப்புகளையும் பார்த்திருக்கிறேன். முதலில் படம் பிடிக்க வேண்டும், அப்புறம்தான் மற்றதெல்லாம்.

“காகிதம் நம்ம ஊர்ல நிக்குமா?” என்பது அடுத்த கேள்வி. நிற்கும். நல்ல அச்சுக் காகிதம் பருத்தியில் செய்தது, செய்தித்தாள் மாதிரி மரக்கூழ் இல்லை. பனியன் கட்டிங் கழிவிலிருந்துகூடக் கையால் காகிதம் செய்கிறார்கள். அமிலமில்லாத அட்டை வைத்து, கண்ணாடி படத்தில் ஒட்டாமல் சட்டம் போட்டு, நேர் வெயிலும் ஈரச் சுவரும் இல்லாத இடத்தில் மாட்டினால் உங்கள் பேரன் காலத்துக்கும் இருக்கும். 1640-களில் எடுத்த காகிதங்கள் இன்றும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன.

“மறுபடி விற்றால் லாபம் வருமா?” வராமலும் போகலாம். லாபம் வேண்டுமென்றால் பொள்ளாச்சிப் பக்கம் தோப்பு வாங்குங்கள். ஆனால் ஓர் ஓவியரின் கை நேரடியாகப் பட்ட, இன்னொருவர் வீட்டில் இல்லாத படம், அவருடைய எண்ணெய் ஓவியத்தைவிடப் பெரும்பாலும் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது என்றால், ஓய்வூதியக்காரனும் சேகரிப்பாளன் ஆகலாம் என்று அர்த்தம். என் அறையில் இரண்டு இருக்கின்றன. கல்யாணத்தில் ஒரு பந்திக்கு ஆகிற செலவுகூட இரண்டுக்கும் சேர்த்து ஆகவில்லை.

இதில் நஷ்டப்படுவது யார் தெரியுமா? எனக்குத் தெரிந்த ஒரு பையன், ஈரோட்டுப் பக்கம், நுண்கலை படித்தவன். அருமையான கை. சென்னை கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாதமியின் அச்சுப் பட்டறை இருக்கிறது. நானூறு கிலோமீட்டர் ரயிலேறிப் போய் அங்கே தங்கி மோனோடைப் எடுத்துவந்தான். இங்கே மூன்று வருஷம் காட்டினான். கேட்டதெல்லாம் அந்த ஒரே கேள்விதான். இப்போது கல்யாண மேடைக்கு ஃபிளெக்ஸ் டிசைன் செய்கிறான். நன்றாகச் சம்பாதிக்கிறான். அதில் தப்பில்லை. ஆனால் அவன் எடுக்காமல் போன படங்கள் எடுக்காமல் போனவைதான். அவற்றுக்கு ஃபைல் கிடையாது.

மோட்டார் பம்பும் வெட் கிரைண்டரும் செய்து ஊருக்கெல்லாம் அனுப்பிய ஊர் இது. இரண்டு உருளையும் ஒரு மேடையும் ஒரு கைச்சக்கரமும் கடைந்து ஓர் அச்சு இயந்திரம் செய்வது கணபதியிலோ சிங்காநல்லூரிலோ இருக்கிற லேத் பட்டறைக்குப் பெரிய காரியமா? ஜவுளி ஆராய்ச்சிக்காக ‘சிட்ரா’வை வளர்த்தெடுத்த கஸ்தூரி சீனிவாசன், அவிநாசி சாலையில் ஓவியத்துக்கும் ஓர் இடம் அமைத்துக் கொடுத்தார். மில்லும் தூரிகையும் ஒரே மனிதருக்குள் இருக்க முடிந்த ஊர் இது. அவருக்குப் பின் வந்த முதலாளிமார்களிடம் நான் கேட்பது அருங்காட்சியகம் இல்லை. ஒரே ஓர் இயந்திரம், ஒரு ஷெட், யார் வேண்டுமானாலும் மணிக்கணக்குக்கு வாடகை கொடுத்து அச்செடுத்துக்கொள்ள ஓர் ஏற்பாடு.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை படம் வாங்கப் போனால் நான்கு கேள்வி கேளுங்கள். தகட்டிலிருந்து எடுத்ததா, ஃபைலிலிருந்து ஓட்டியதா? எத்தனை பிரதி? 1/1 என்று எழுதியிருந்தால், அது முதல் அச்சா, பேய் அச்சா? கையெழுத்து பென்சிலில் போட்டதா, அதுவும் சேர்ந்தே அச்சானதா? விற்பவர் திணறினால் குதிரைகளை அங்கேயே ஓடவிட்டு வந்துவிடுங்கள்.

எதிர்க்கருத்து இருப்பவர்கள் தாராளமாகக் கீழே எழுதுங்கள். ஆனால் “பிரிண்ட்தானே” என்று மட்டும் எழுத வேண்டாம்.