வேலியில் விளையும் உணவு

உணவுக்குப் பிறர் கையை எதிர்பார்த்திருக்கும் மக்களின் உரிமைக் குரல் ஓங்குவது அரிது. 2021இல் இரசாயன உர இறக்குமதிக்கு விதிக்கப்பட்ட தடையும், 2022இன் பொருளாதார வீழ்ச்சியும் இவ்வுண்மையை நமக்கு உணர்த்தின. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தை எட்டியது.

பள்ளிவாசல்துறை முதலாய கற்பிட்டிக் கரையூர்களுக்கு இன்னொரு கேடும் உண்டு. அம்மணற்றரையில் இடும் உரம் நிலத்தடி நீரில் நைத்திரேற்றாய்க் கலக்கிறது. உரமும் இறைப்பும் கேளாமல், மாரி கண்டதும் தழைப்பவை முசுட்டையும் சாறணையும். அவற்றைக் களையென்று எறிந்துவிட்டுச் சந்தையில் கீரை வாங்குவது அறிவுடைமையாகுமா?

ஆயினும், காண்பதெல்லாம் கறியாகாது. கார்த்திகைக் கிழங்கை உண்ணும் கிழங்கென மயங்கி உண்டு மாண்டோர் உளர். ஆதலின், அறிந்த மூதாட்டியரிடம் இலையையும் பூவையும் காட்டிக் கற்றல் வேண்டும். சாறணையை அவித்து, நீரை வடித்தே சமைத்தல் வேண்டும். பொன்னாங்காணித் தண்டை ஈர நிலத்தில் ஊன்றலாம். தூதுவளை விதையை வேலியோரம் இடலாம்.

கற்றோரே, கமக்காரரே! வாய்மொழியாய் வந்த இவ்வறிவு மூதாட்டியரோடு மறைந்துவருகிறது. ஒவ்வொரு பாடசாலைத் தோட்டத்திலும் இதற்கென ஒரு பாத்தி ஒதுக்குமாறு கேட்போம். அதற்கு முன், நம் வேலியில் ஒரு கொடியைப் படரவிடுவோம்.