அளந்து பார்த்துப் பேசுவோம்!

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி., இயற்பியல்)

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது நம் முன்னோர் வாக்கு. ஆனால் "சர்வர் டவுன்" என்று ஒருவர் சொல்லிவிட்டால் போதும். தீர விசாரிக்கும் எண்ணமே நம்மை விட்டு ஓடிவிடுகிறது! தலையை ஆட்டிவிட்டு வீடு திரும்புகிறோம். அந்தக் காலத்து அலுவலகங்களில் "நாளைக்கு வா" என்ற பதிலுக்கு இருந்த அதிகாரம், இன்று இந்த இரண்டு சொற்களுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

இது சிறிய செய்தி அன்று. பொறியியல் கலந்தாய்வு 2018-இல் இணைய வழிக்கு மாறியது. 2020-இல் அரசு கலைக் கல்லூரிச் சேர்க்கைக்கும் இணையத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்றாயிற்று. உதவித்தொகை, தேர்வுக் கட்டணம், சாதிச் சான்றிதழ் எல்லாமே இன்று ஒரு கம்பியின் மறுமுனையில் இருக்கின்றன. கடைசி நாளன்று அந்தக் கம்பி அறுந்தால், வசதியுள்ளவர் வேறோர் இணைப்புக்குத் தாவிவிடுவார். முடிச்சூரிலும் பெருங்களத்தூரிலும் ஒரே இணைப்பை நம்பியிருக்கும் வீட்டுப் பிள்ளை என்ன செய்வது? ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்த தந்தையோடு இ-சேவை மையத்தின் வாசலில் நிற்பதுதான் விதியா?

இல்லை நண்பர்களே! கோளாறு எங்கே இருக்கிறது என்று நாமே கண்டறியலாம். அதற்கான கருவி காசு கொடுத்து வாங்க வேண்டியதன்று. 2011-இல் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது முதல் நம்மைப் போன்ற குடும்பங்களுக்குள்ளும் கணினி நுழைந்திருக்கிறது. அதில் படம் பார்க்கிறோம்; பாட்டுக் கேட்கிறோம். அதற்குள் கறுப்பாக ஒரு கட்டளைத் திரை இருப்பதை நம்மில் எத்தனை பேர் திறந்து பார்த்திருக்கிறோம்? விண்டோஸ் பொத்தானையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, சி, எம், டி என்ற மூன்று எழுத்துகளைத் தட்டி, என்டரை அழுத்தினால் அது திறந்துகொள்ளும்.

அந்தத் திரையில் நாம் முதலில் கற்க வேண்டிய சொல் "பிங்". பி, ஐ, என், ஜி என்ற நான்கே எழுத்துகள். 1983 டிசம்பரில் அமெரிக்க இராணுவ ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் பணியாற்றிய மைக் மூஸ் என்பவர், தம் வலையமைப்பில் ஏற்பட்ட கோளாற்றைக் கண்டுபிடிக்க ஒரே மாலையில் எழுதிய நிரல் இது. நீர்மூழ்கிக் கப்பல் ஒலியை அனுப்பி எதிரொலிக்குக் காத்திருப்பது போல, "இருக்கிறாயா?" என்று ஒரு சிறு செய்தியை அனுப்பி, "இருக்கிறேன்" என்ற பதிலுக்குக் காத்திருக்கும். பதில் வந்ததா, எத்தனை மில்லி வினாடியில் வந்தது என்பதைச் சொல்லும். அவ்வளவுதான்!

கோளாற்றைக் கண்டுபிடிக்க நான்கு கேள்விகளை வரிசையாகக் கேட்க வேண்டும்.

முதலாவது, "பிங் 127.0.0.1". இது கணினி தன்னைத் தானே கேட்டுக்கொள்வது. பதில் வராவிட்டால் கோளாறு நம் கணினியிலேயே இருக்கிறது.

இரண்டாவது, வீட்டு ரௌட்டரைக் கேட்பது. "ஐபிகான்ஃபிக்" என்று தட்டினால் "டீஃபால்ட் கேட்வே" என்ற இடத்தில் அதன் எண் தெரியும், பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். அந்த எண்ணுக்குப் பதில் இல்லையென்றால் கோளாறு நம் வீட்டுக்குள்ளே.

மூன்றாவது, "பிங் 8.8.8.8". இது கூகுள் நிறுவனம் 2009 முதல் பொதுமக்களுக்குத் திறந்து வைத்திருக்கும் எண். ரௌட்டர் பேசி, இது பேசாவிட்டால், கோளாறு பெரும்பாலும் வீட்டுக்கு வெளியே.

நான்காவது, எண்ணுக்குப் பதிலாக ஓர் இணையதளத்தின் பெயரைக் கொடுத்துக் கேட்பது. எண்ணுக்குப் பதில் வந்து, எந்தப் பெயரைக் கொடுத்தாலும் முகவரியே கிடைக்காவிட்டால், கம்பி நன்றாகவே இருக்கிறது. பெயரை எண்ணாக மாற்றித் தரும் ஏற்பாடுதான் பழுதுபட்டிருக்கிறது.

என் தந்தை கொத்தனார். பள்ளிப் படிப்பைத் தாண்டாதவர். ஆனால் சுவர் நேராக இருக்கிறது என்று யார் சொன்னாலும் நம்பமாட்டார். தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்ப்பார். ரசமட்டத்தை வைத்துப் பார்ப்பார். பிறகுதான் அடுத்த வரிசைக் கல்லை எடுப்பார். பட்டப் படிப்பை எட்டிப் பிடித்திருக்கும் முதல் தலைமுறையான நாம், அளந்து பார்க்காமலே அடுத்தவர் சொல்லை ஏற்றுக்கொள்வது முறையாகுமா?

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் மூன்று நாள் இணையம் இல்லை. பார்க்க வந்தவர், ரௌட்டர் போய்விட்டது, புதிதாக வாங்க 1,800 ரூபாய் ஆகும் என்றார். அந்த வீட்டு அக்கா மெப்ஸ் தொழிற்பேட்டைக்குத் தையல் வேலைக்குப் போகிறவர். அவர் வீட்டுக் கணினியில் இந்தக் கேள்விகளைக் கேட்டுப் பார்த்தேன். ரௌட்டர் ஒரே மில்லி வினாடியில் பதில் சொன்னது. அதற்கு அப்பால்தான் மௌனம். "அக்கா, ரௌட்டர் உயிரோடுதான் இருக்கு. வெளியே கம்பியைப் பார்க்கச் சொல்லுங்க" என்றேன். மறுநாள் மாலை தெருமுனைக் கம்பத்தில் அறுந்திருந்த கம்பியை இணைத்தார்கள். 1,800 ரூபாய் மிச்சம்!

வெளியே என்றால் எங்கே என்று கேட்பீர்கள். அதற்கு "டிரேஸர்ட்" இருக்கிறது: டி, ஆர், ஏ, சி, இ, ஆர், டி. 1987-இல் வான் ஜேக்கப்சன் என்ற அறிஞர் உருவாக்கிய கருவியின் விண்டோஸ் வடிவம் இது. தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குப் போகும் மின்ரயிலை எண்ணிக்கொள்ளுங்கள். "ஒரு நிலையம் மட்டும்" என்ற சீட்டோடு ஒரு பொட்டலத்தை அனுப்பினால், சானடோரியத்தில் அதை நிறுத்தி நமக்குத் தகவல் சொல்வார்கள். இரண்டு நிலையச் சீட்டென்றால் குரோம்பேட்டை, மூன்றென்றால் பல்லாவரம். இப்படியே வழியிலுள்ள நிலையங்களின் பெயரும் நேரமும் பட்டியலாக வந்துவிடும். எந்த நிலையத்துக்குப் பின் எல்லாமே மௌனமாகிறதோ, அங்கேதான் ஆராய வேண்டும்.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைத் தாக்கியபோது, கடலடிக் கம்பிவடம் ஒன்று சேதமடைந்ததால் வேகம் குறையும் என்று ஒரு நிறுவனம் தன் வாடிக்கையாளர்களுக்கு அறிவித்தது. கடலில் நேர்ந்த பழுதுக்கு வீட்டு ரௌட்டரை எத்தனை முறை அணைத்துப் போட்டுத்தான் என்ன பயன்?

இயற்பியல் மாணவன் என்ற முறையில் இன்னொன்றும் சொல்ல ஆசை. கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே 2002-இல் போடப்பட்ட கடலடிக் கம்பிவடம் ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர் நீளம். போய்வர 6,400 கிலோமீட்டர். ஆகவே 32 மில்லி வினாடிக்குக் குறைந்து அந்த வழியில் பதில் வர இயலாது. பதில் 5 மில்லி வினாடியில் வந்தால், அது 500 கிலோமீட்டருக்குள் எங்கோ இருந்துதான் வந்திருக்கிறது. வகுப்பில் படித்த ஒளிவிலகல் எண், நம் வீட்டுத் திரையில் வந்து நிற்கிறது!

"இதெல்லாம் மெக்கானிக் வேலை; நமக்கெதற்கு?" என்பார் சிலர். வீட்டில் தெர்மாமீட்டர் வைத்திருப்பவர் டாக்டராகிவிடுவதில்லை. ஆனால் காய்ச்சல் எத்தனை டிகிரி என்று டாக்டரிடம் சொல்ல முடிகிறது. "செல்போனில் வேகம் பார்க்கும் செயலி இருக்கிறதே" என்பார் வேறு சிலர். குழாயில் எவ்வளவு தண்ணீர் வருகிறது என்பதை அது சொல்லும். குழாய் எங்கே உடைந்தது என்பதைச் சொல்லாது. ஒன்றை மட்டும் மறத்தலாகாது: சில கணினிகள் பாதுகாப்புக் கருதிப் பிங்குக்குப் பதிலே தருவதில்லை. ஒருவர் மௌனமாக இருப்பதாலேயே அவர் இறந்துவிட்டார் என்று முடிவு கட்டக் கூடாது. நாலு இடத்தில் கேட்ட பிறகே தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

அளந்தவன் புகாருக்கு மதிப்பு உண்டு. இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் அகலக்கற்றைச் சேவைக்கான தர விதிகளை 2006-இலேயே வகுத்து, 2024-இல் புதிய விதிகளை வெளியிட்டது. தாமதமும் இழப்பும் அவற்றில் அளவுகோல்கள். புகார் தந்தால் பதிவெண் தர வேண்டும், தீராவிட்டால் மேல்முறையீடு செய்யலாம் என்பது 2012-ஆம் ஆண்டு விதி. "நெட் சரியில்லை சார்" என்பது முனகல். "மூன்று நாளாக இரவு 9 மணிக்கு நூற்றுக்கு இருபது செய்திகள் திரும்பவில்லை" என்பது சான்று.

ஆகவே நம் கல்லூரிக்கு ஒரு வேண்டுகோள். முதலாண்டு மாணவர் அனைவருக்கும், தமிழ் இலக்கியம் படிப்பவராயினும் வணிகவியல் படிப்பவராயினும், கணினிக்கூடத்தில் அரை நாள் இதைக் கற்றுத் தர வேண்டும். கற்ற ஒவ்வொருவரும் தம் தெருவில் பத்து வீடுகளுக்காவது சொல்லித்தர வேண்டும். கேள்வி கேட்கத் தயங்கி நின்ற தலைமுறை நம் பெற்றோரோடு முடியட்டும். "சர்வர் டவுன்" என்று இனி யாரேனும் சொன்னால், "எந்த இடத்தில்?" என்று பணிவோடும் துணிவோடும் கேட்போம்!