நம்மவர் என்னும் தகுதி

உளவியலாளர் ஹென்றி தாஜ்ஃபெல் பிரிஸ்டல் நகரப் பள்ளிச் சிறுவர்களிடம் நடத்திய சோதனைகளின் முடிவுகள் 1970இல் வெளியாயின. அவற்றுள் ஒன்றில் 14, 15 வயதுப் பையன்களுக்குப் பால் கிளீ, காண்டின்ஸ்கி இருவரின் ஓவியங்களையும் காட்டி எது பிடிக்கிறது என்று கேட்டார்கள். விடையின்படி இரு குழுக்களாகப் பிரித்ததாகச் சொன்னார்கள். உண்மையில் பிரித்ததோ குருட்டாம்போக்கில். பிறகு மற்றவர்களுக்குப் பணத்தைப் பங்கிடச் சொன்னார்கள். தன் குழுவில் இருப்பவர் யாரென்று எவனுக்கும் தெரியாது. பங்கிடுவதால் தனக்கு ஆதாயமும் இல்லை. ஆயினும் பெரும்பாலான பையன்கள் தம் குழுவுக்கே அதிகம் கொடுத்தார்கள். தம் குழுவுக்குக் கிடைப்பது சற்றுக் குறைந்தாலும் பரவாயில்லை, எதிர்க்குழுவைவிட மேலே நின்றால் போதும் என்றும் பலர் தேர்ந்தார்கள். (ஓவிய ரசனையின் பெயரால் இரு கட்சி உருவாவது சிற்றிதழ் வாசகர்களுக்கு வியப்பளிக்காது.)

இங்கே எவரும் எவரையும் வெறுக்கவில்லை என்பதுதான் முக்கியம். "எங்கள் நிறுவனத்தில் சாதி பார்ப்பதில்லை" என்று சொல்லும் மேலாளரை நான் பொய்யர் என்று சொல்லமாட்டேன். ஒருவரை ஒதுக்க வெறுப்பு வேண்டியதில்லை. இன்னொருவர்மீது கொஞ்சம் கூடுதலாகப் பிரியம் இருந்தால் போதும். நம் மொழியில் 'வேண்டியவர்' என்றொரு சொல் இருக்கிறது. அந்தச் சொல்லே முழு நியமன முறையையும் விளக்கிவிடும்.

சுகதேவ் தோரட்டும் பால் அட்வெலும் 2007இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். நாளிதழ்களில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்குச் சமமான தகுதியுள்ள விண்ணப்பங்களைப் பெயர் மட்டும் மாற்றி அனுப்பியிருந்தனர். உயர்சாதி இந்துப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பை ஒன்று எனக் கொண்டால், தலித் பெயருக்கு அது ஏறக்குறைய மூன்றில் இரண்டு. முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒன்று.

நம் ஊரில் பெயருக்குப் பின்னால் சாதி ஒட்டுவதில்லையே என்று பெருமிதம் கொள்ளலாம். அதற்குத்தான் "சொந்த ஊர் எது? ஊரில் எந்தப் பக்கம்?" என்ற கேள்விகள் இருக்கின்றன. தில்லி வட்டாரப் பெருநிறுவனங்களின் பணியமர்த்தும் அதிகாரிகளிடம் சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் பேசியபோது, குடும்பப் பின்னணியை விசாரிப்பது அவர்களுக்கு மிக இயல்பான வழக்கமாக இருந்தது. வள்ளுவரின் 'தெரிந்துதெளிதல்' அதிகாரம் நினைவுக்கு வருகிறது. அன்பு காரணமாக அறியாதவரைத் தேர்ந்தால் வருவது பேதைமையே என்று எச்சரிக்கும் அதே அதிகாரம், நற்குடிப் பிறப்பையும் ஒரு தகுதியாக வைக்கிறது. குறளைச் சுவரில் மாட்டியிருக்கும் அலுவலகங்கள் பின்னதை மட்டும் விடாமல் பின்பற்றுகின்றன. விளைவு? இந்தியாவின் முன்னணி 1000 நிறுவனங்களின் இயக்குநர் குழுக்களை ஆராய்ந்த 2012ஆம் ஆண்டுக் கட்டுரையின்படி, உறுப்பினர்களில் ஏறத்தாழ 93 விழுக்காட்டினர் முற்பட்ட சாதியினர்.

உடனே 'தகுதி' என்று குரல் எழும். தகுதியைக் கருதித்தான் கேட்கிறேன். பல்கலைக்கழக விடைத்தாள்களில் மாணவரின் பதிவெண்ணை மறைத்து டம்மி எண் இட்டு எங்களிடம் தருகிறார்கள். இதை எந்தப் பேராசிரியரும் தமக்கு நேர்ந்த அவமானமாகக் கருதுவதில்லை. திருத்துபவர் மனிதர்தானே என்று ஒப்புக்கொள்கிறோம். பதினைந்து மதிப்பெண் வினாவுக்கு இத்தனை காவல். ஒருவரின் முப்பதாண்டு வாழ்வை முடிவு செய்யும் நேர்காணலிலோ பெயர், ஊர், தந்தை தொழில் எல்லாவற்றையும் மேசைமேல் பரப்பி வைத்துக்கொண்டு, "ஆள் நமக்கு ஒத்துவருவாரா?" என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறோம்.

சென்னை மாகாணத்தில் வகுப்புவாரி அரசாணை 1921இலேயே வந்துவிட்டது. தனியார் பணியிடத்தில் அத்தகைய கட்டாயம் இன்றும் இல்லை. பன்முகத்தன்மை என்ற பெயரில் அங்கே நடப்பது பெரும்பாலும் அரைநாள் பயிற்சி வகுப்பு. கேட்டவர்கள் தேநீர் குடித்துவிட்டுப் பழைய இருக்கைக்கே திரும்புகிறார்கள். மனம் மாறட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. முதல் சுற்றில் பெயரையும் ஊரையும் மறையுங்கள். எல்லோரிடமும் ஒரே வினாக்களைக் கேட்டு, கலந்து பேசுமுன் மதிப்பெண்ணை எழுதுங்கள். தேர்வுக்குழுவில் ஒரே வகையினர் மட்டும் உட்காராதீர்கள். எந்தப் பிரிவிலிருந்து எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்ற கணக்கை ஆண்டுதோறும் வெளியிடுங்கள். அதற்குப் பிறகு தகுதியைப் பற்றிப் பேசுவோம், நானும் வருகிறேன்.