இரண்டு நாள் வாந்தி, இரண்டு நாள் கூலி

சோப்பால் கை கழுவு, நோயாளியைத் தனி அறையில் வை, தனிக் கழிப்பறை கொடு, குணமாகும்வரை வேலைக்கு அனுப்பாதே. வாந்தி-பேதி பரவும்போதெல்லாம் சொல்லப்படும் அறிவுரை இது. தவறில்லை. ஆனால் ஒரே அறையில் ஐந்து பேர் படுக்கும் காலனி வீட்டில் தனி அறை எது? கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒப்பந்தக் கூலிக்குப் போகிறவர் எந்தக் கணக்கில் விடுப்பு எடுப்பார்?

பெரியவர்களையும் பிள்ளைகளையும் ஒரே இரவில் சாய்த்துவிடும் நோரோ வைரஸ் உடம்புக்குள் போனால் 12 முதல் 48 மணி நேரத்தில் வேலையைக் காட்டும். ஒன்று முதல் மூன்று நாளில் பெரும்பாலும் தானே அடங்கிவிடும். தொற்றுவதற்குச் சில பத்து வைரஸ் துகள்களே போதும். சானிடைசர் இதனிடம் அவ்வளவாக எடுபடாது. சோப்பும் ஓடும் தண்ணீரும்தான் வேண்டும். வாந்தி பட்ட தரையைத் துடைத்துவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றிச் சிறிது நேரம் விட வேண்டும். இதில் ஆசிட்டைக் கலந்துவிடக் கூடாது, விஷவாயு வரும். வாந்தி நின்ற பிறகும் இரண்டு நாள் அந்த நபர் சமைக்கக் கூடாது.

அந்த இரண்டு நாளில்தான் சிக்கல். இ.எஸ்.ஐ.யில் நோய்க்கால உதவியாகச் சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். ஆனால் நோயின் முதல் இரண்டு நாளுக்குப் பணம் கிடையாது. நோரோ வைரஸ் படுக்க வைப்பதே அந்த இரண்டு நாள்தான்! வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஷிப்டுக்குப் போகிறவரை அறியாமை என்று சொல்லிவிடுகிறோம். அவர் கூலிக் கணக்குப் பார்த்துவிட்டுத்தான் போகிறார். கேன்டீனில் பரிமாறுபவரும் அதே கணக்கைத்தான் பார்க்கிறார்.

2021 டிசம்பரில் நம் மாவட்டத்துப் பூந்தமல்லி அருகே, ஜமீன் கொரட்டூர் விடுதியில் தங்கியிருந்த ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அது வைரஸ் அல்ல, உணவு நஞ்சானது. ஆனால் நெரிசல், தண்ணீர் வராத கழிப்பறை, கேட்பாரற்ற சமையற்கூடம் என இரண்டும் வரும் வழி ஒன்றுதான். சாலையில் உட்கார்ந்த பிறகே உலகம் திரும்பிப் பார்த்தது. விடுதியும் உணவுக்கூடமும் தரத்தில் இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டது. கைகழுவாத பெண்கள் என்று அன்று யாரும் சொல்லவில்லை.

காலனிக்கு மட்டும் அந்தச் சலுகை கிடைப்பதில்லை. வேங்கைவயலில் 2022இல் பிள்ளைகளுக்கு உடம்புக்கு முடியாமல் போன பிறகுதான், குடிநீர்த் தொட்டியில் மலம் கிடந்தது வெளியே வந்தது. ஒரே தெருவில் நாலைந்து பேருக்குப் பேதி என்றால் முதலில் பார்க்க வேண்டியது தொட்டியை. பிறகுதான் அவர்கள் கையை. தேர்வாய் கண்டிகையில் சிப்காட்டுக்கு மேய்ச்சல் காட்டை இழந்தவர்கள் பெரும்பாலும் தலித்துகள். அதே பெயரில் 2020இல் திறந்த நீர்த்தேக்கம் 500 மில்லியன் கனஅடி கொள்ளளவோடு சென்னையின் தாகத்துக்குப் போகிறது. பக்கத்துக் காலனிக் குழாயின் கடைசி முனையில் குளோரின் இருக்கிறதா என்று கேட்டால் மட்டும் ஊராட்சியில் பதில் தேட வேண்டியிருக்கிறது.

ஒரு லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் அந்தக் கடைசிக் குழாயிலும் இருக்க வேண்டும். ஜல் ஜீவன் திட்டத்தில் ஊராட்சிகளுக்குத் தண்ணீர் சோதனைப் பெட்டி வந்திருக்கிறது. சோதிக்கப் பெண்களுக்குப் பயிற்சியும் உண்டு. கல்லூரி மாணவர்கள் மார்ச் 22 கிராமசபையில் அந்தப் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லலாம். சோதனை ஊர்த்தெருக் குழாயில் மட்டும் நடந்ததா, காலனிக் குழாயிலும் நடந்ததா என்று பதிவேட்டைக் கேட்கலாம்.

குழந்தைக்குப் பேதி என்றால் காத்திருக்க வேண்டாம். ஓஆர்எஸ் பாக்கெட்டும் துத்தநாக மாத்திரையும் துணை சுகாதார நிலையத்தில் இலவசம். பாக்கெட் இல்லையென்றால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. கண் குழிந்தாலோ, சிறுநீர் போகாவிட்டாலோ, மலத்தில் ரத்தம் கண்டாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பிறந்து 6, 10, 14 வாரங்களில் தரும் ரோட்டா வைரஸ் சொட்டு மருந்தும் இலவசம்தான். செங்கல் சூளைக்கு இடம்பெயர்ந்து வந்த குடும்பத்துப் பிள்ளைக்கும் அது உண்டு, ஊர் எதுவானாலும்.